ரிங்கை விட்டு எப்போது இறங்குவது?

ஒரு தொழில்முறை மல்யுத்த வீரருக்கு 42 வயது என்று வைத்துக்கொள்வோம். கழுத்தில் ஒரு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. மாடிப்படி ஏறினால் முழங்கால் சத்தம் போடுகிறது. ஆனாலும் அவர் பெயரைப் போட்டால் டிக்கெட் விற்கிறது, அவருடைய இசை ஒலித்ததும் கூட்டம் எழுந்து நிற்கிறது. அவர் நிறுத்த வேண்டுமா, தொடர வேண்டுமா? நிறுத்துவதென்றால் எப்படி?

மற்ற விளையாட்டுகளில் இந்தக் கேள்விக்குப் பாதி பதிலை ஆட்டமே சொல்லிவிடும். ரன் வரவில்லை, கோல் விழவில்லை என்றால் அணியில் இடம் போய்விடும். இங்கே யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி முடிவானது. 60 வயதுக்காரரைக்கூடச் சாம்பியன் ஆக்கலாம். ஆட்டம் யாரையும் தானாக வெளியே தள்ளாது. போவதா வேண்டாமா என்பதை அவரவரேதான் முடிவு செய்ய வேண்டும்.

"எல்லாம் நடிப்புதானே, உடம்புக்கு என்ன ஆகிவிடப் போகிறது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முடிவுதான் எழுதி வைத்தது, விழுவது நிஜம். ரிங்குக்கு அடியில் இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், அப்புறம் கேன்வாஸ். அவ்வளவுதான். விழுவதை அவர்கள் 'பம்ப்' என்பார்கள். தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, அடி முதுகு முழுக்கப் பரவும்படி விழ வேண்டும். ஒழுங்காக விழுந்தாலும் வலிக்கும். ஒழுங்காக விழத் தெரிந்தவர்கள் அதை வருடத்துக்கு நூறு இரவுகளுக்கு மேல் செய்திருக்கிறார்கள்.

வெளியேறிய பெரிய ஆட்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஐந்து வழிகள் தெரிகின்றன. அவற்றை எடைபோட நான் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன்: உடம்பு, பணம், ரசிகர் மனதில் கடைசியாக நிற்கும் காட்சி, பின்னால் வருகிறவருக்கு என்ன விட்டுப்போகிறார் என்பது. நான்காவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

டாக்டர் சொல்லி நிற்பது

1997 ஆகஸ்ட் 3, அமெரிக்காவின் பெரிய மல்யுத்த நிறுவனமான WWE-யின் (அப்போது WWF) சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சி. ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, அப்படியே தொப்பென்று உட்கார்ந்தார். இந்தப் பிடியில் தலை எதிராளியின் தொடைகளுக்கு நடுவே மேலே ஏறி இருக்க வேண்டும், தரையில் படவே கூடாது. ஆஸ்டினின் தலை கொஞ்சம் கீழே தொங்கியது. உச்சந்தலை நேராகத் தரையில் மோதியது. கை, கால் எதிலும் உணர்வில்லை. ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்துகொண்ட ஓவன், கூட்டத்தைச் சீண்டிக் கத்தி நேரத்தைக் கடத்தினார். கொஞ்ச நேரம் கழித்து ஆஸ்டின் ஊர்ந்து வந்து, பின்னாலிருந்து ஓவனின் கால்களைச் சுற்றிப் பிடித்து ஒரு மாதிரி உருட்டினார். அந்தப் பிடியில் பலமே இல்லை என்பது பார்த்தாலே தெரியும். ஓவன் மல்லாந்து கொடுத்தார். நடுவர் மூன்று எண்ணினார், இன்டர்கான்டினென்டல் பெல்ட் (சாம்பியன் பட்டம்) ஆஸ்டினுக்கு. நடுவர்கள் தாங்கிப் பிடித்துத்தான் அவரை எழுப்பினார்கள். அப்போது அவருக்கு 32 வயது.

அவரைப் பெரும் நட்சத்திரமாக்கிய ஆண்டுகள் எல்லாம் அதற்கப்புறம்தான் வந்தன. 2000-இல் கழுத்தில் அறுவை சிகிச்சை. 2003 மார்ச் 30, சியாட்டிலில் நடந்த, அதே நிறுவனத்தின் மிகப் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் ராக்கிடம் தோற்றார். அது கடைசி மேட்ச் என்று கூட்டத்துக்கு அறிவிக்கவில்லை. 38 வயதில் முடிந்துவிட்டது. 2022-இல் டெக்சாஸில் கெவின் ஓவன்ஸுடன் ஒரு மேட்ச் ஆடினார், 19 வருட இடைவெளிக்குப் பிறகு. ஊரெல்லாம் கொண்டாடியது. காரணம் எளிது: நடுவில் அவர் ஒரு மேட்ச்கூட ஆடித் தன்னைக் கரைத்துக்கொள்ளவில்லை.

எட்ஜின் கதை இதைவிடத் திடீர். 2011 ஏப்ரல் 3 ரெஸில்மேனியாவில் ஜெயித்து பெல்ட்டோடு நின்றவர், எட்டே நாளில் ஓய்வை அறிவித்தார். கழுத்தில் தண்டுவடம் போகும் வழி குறுகிவிட்டது, இன்னொரு தப்பான அடி பட்டால் நடக்க முடியாமல் போகலாம், உயிரே போகலாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். டேனியல் பிரையனை 2016-இல் மூளை அதிர்ச்சி நிறுத்தியது. வெளியே பார்த்த மருத்துவர்கள் ஆடலாம் என்றார்கள், நிறுவனத்தின் மருத்துவர் கூடாது என்றார். இரண்டு வருடம் விடாமல் பரிசோதனை மேல் பரிசோதனை செய்து, 2018 மார்ச்சில் அனுமதி வாங்கித் திரும்பினார். எட்ஜும் ஒன்பது வருடம் கழித்து 2020-இல் ராயல் ரம்பிளில் வந்து நின்றார்.

உடம்பு என்ற தராசில் இந்த வழிக்குப் போட்டியே இல்லை. எதிர் உதாரணம் பிரெட் ஹார்ட். 1999 டிசம்பர் 19 அன்று கோல்ட்பெர்க்கின் உதை தலையில் விழுந்தது. மூளை அதிர்ச்சி என்று தெரியாமலே அடுத்த சில வாரங்களும் ஆடினார். அடுத்த வருடமே தொழில் முடிந்துபோனது. அவரை அன்றிரவே யாராவது வீட்டுக்கு அனுப்பியிருந்தால் கதை வேறாக இருந்திருக்குமோ என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

ஆனால் நான்காவது தராசில் இந்த வழி தோற்கிறது. எட்ஜ் யாரிடமும் பெல்ட்டைத் தோற்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அவரை வீழ்த்தியவன் என்று சொல்லிக்கொண்டு ஒரு இளைஞன் மேலே வந்திருக்கலாம். அந்த வாய்ப்பு அப்படியே வீணானது. அவர் தப்பு ஒன்றும் இல்லை, வழியின் குறை.

ஒரே ஒரு பெரிய மேட்ச்

2008 மார்ச் 30, ஓர்லாண்டோ. ரிக் ஃபிளேருக்கு 59 வயது. அடுத்து எதில் தோற்றாலும் ஓய்வு என்று கதை கட்டியிருந்தார்கள். எதிரே ஷான் மைக்கேல்ஸ். கடைசி உதைக்கு முன் ஃபிளேர் கண்ணீரோடு முஷ்டியை உயர்த்தி 'வா, அடி' என்பது போல நிற்கிறார். மைக்கேல்ஸ் மூலையில் தயங்கி, "மன்னித்துவிடு, உன்னை நேசிக்கிறேன்" என்று உதடசைத்துவிட்டு உதைக்கிறார். ஓய்வு பெறுவதை இதைவிட அழகாக யாராலும் எழுத முடியாது.

ஆனால் மறுநாள் காலை எழுந்து என்ன செய்வது என்பதை அந்தக் கதையில் யாரும் எழுதவில்லை. அடுத்த வருடமே ஆஸ்திரேலியாவில் ஹல்க் ஹோகனோடு ஆடினார். அப்புறம் வேறொரு நிறுவனத்தில் 2011 வரை. 2022 ஜூலை 31 அன்று நாஷ்வில்லில், 73 வயதில், இதயத்தில் பேஸ்மேக்கரோடு மீண்டும் ஒரு 'கடைசி மேட்ச்'. நடுவில் மயங்கிவிட்டதாகப் பின்னால் அவரே சொன்னார். பார்க்கும்போது ஜெயிப்பாரா தோற்பாரா என்று யாரும் யோசிக்கவில்லை. உயிரோடு எழுந்து போவாரா என்றுதான் யோசித்தார்கள்.

மைக்கேல்ஸே 2010-இல் அண்டர்டேக்கரிடம் தோற்று அதே மாதிரி விடைபெற்றார். எட்டு வருடம் வாக்கைக் காப்பாற்றினார். 2018 நவம்பரில் ரியாத்தில் ஒரு மேட்ச், நிறைய ரசிகர்கள் அது நடக்கவே இல்லை என்பது போலப் பேசுவார்கள்.

அண்டர்டேக்கர் 2017-இல் ரோமன் ரெயின்ஸிடம் தோற்று, கையுறை, கோட், தொப்பி மூன்றையும் ரிங்கின் நடுவே வைத்துவிட்டு நடந்தார். அது முடிவாகவே இருந்திருக்கலாம். மேட்சைத் திரும்பப் பார்த்தபோது அவருக்கே திருப்தியில்லை, இப்படிப் போக மாட்டேன் என்று திரும்பினார். விளைவு 2019 ஜூனில் ஜெத்தாவில் கோல்ட்பெர்க்கோடு நடந்த மேட்ச். 54 வயதுக்காரரும் 52 வயதுக்காரரும் ஒருவரை ஒருவர் தூக்கத் தடுமாறியதைப் பார்க்கவே பயமாக இருந்தது. கடைசியில் அவரைக் காப்பாற்றியது 2020-இல் ஏ.ஜே. ஸ்டைல்ஸோடு கல்லறைத் தோட்டச் செட்டில் கூட்டமே இல்லாமல் சினிமா மாதிரி எடுத்த சண்டை. மூச்சு இளைத்தால் கேமராவை நிறுத்தலாம், இன்னொரு முறை எடுக்கலாம். அந்த வருடம் நவம்பர் 22 அன்று, அறிமுகமான அதே தேதியில், முப்பது வருடக் கணக்கை முடித்துக்கொண்டார்.

இந்த வழியின் கோளாறு இதுதான். மேட்ச் நன்றாக அமைந்தால் இன்னும் ஆட முடியும் என்று தோன்றும். மோசமாக அமைந்தால் இதோடு போகக் கூடாது என்று தோன்றும். இரண்டுமே திரும்பக் கூட்டிவந்துவிடும். மிக் ஃபோலி 2000 பிப்ரவரி 27-இல் தோற்று 'ஓய்வு' பெற்றார். ஐந்தே வாரத்தில் ரெஸில்மேனியாவின் கடைசி மேட்சில் நின்றார்!

போகாமலே இருப்பது

இதையும் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், பல பெரியவர்கள் தெரிந்தே தேர்ந்தெடுத்தது இது. ஜெயன்ட் பாபா 1960-இல் அறிமுகமானார், 1972-இல் ஆல் ஜப்பான் நிறுவனத்தைத் தொடங்கினார், ஓய்வு என்ற பேச்சே எடுக்கவில்லை. கடைசியாக ஆடியது 1998 டிசம்பரில். 1999 ஜனவரி 31-இல் இறந்துபோனார், வயது 61. அவர் செய்தது புத்திசாலித்தனம்: வயதானதும் பெரிய சாம்பியன் மேட்சுகளை இளையவர்களிடம் விட்டுவிட்டு, நிகழ்ச்சியின் நடுவே வரும் கலகலப்பான குழு மேட்சுகளுக்குத் தன்னை மாற்றிக்கொண்டார். கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது, ஆனால் கேலி செய்யவில்லை.

டெர்ரி ஃபங்க் வேறு ரகம். 1983-இல் ஜப்பானில் கூட்டமே அழ விடைபெற்றார், அடுத்த வருடமே திரும்பினார். அதற்கப்புறம் எத்தனை முறை விடைபெற்றார் என்பது மல்யுத்த ரசிகர்களின் நிரந்தரக் கிண்டல். 2017-இல், 73 வயதில்தான் உண்மையாகவே நின்றார். யாரும் அவர்மேல் கோபப்படவில்லை. 'இவர் போக மாட்டார்' என்பதே அவருடைய பாத்திரமாகிவிட்டது.

மிசாவாவைப் பற்றி இப்படிச் சிரித்துக்கொண்டே எழுத முடியாது. மிட்சுஹரு மிசாவா, நோவா நிறுவனத்தைத் தொடங்கியவர், அதன் தலைவர், அதன் பெரிய பெயரும் அவரே. கழுத்து பல வருடமாகவே மோசம். தலைவர் ஆடாவிட்டால் டிக்கெட் யார் வாங்குவார்கள்? 2009 ஜூன் 13, ஹிரோஷிமா. ரிங்கில் தினமும் பார்க்கிற சாதாரண பேக் சுப்லெக்ஸ், எதிராளியைப் பின்னாலிருந்து தூக்கி முதுகுப்பக்கம் வீழ்த்துவது. விழுந்தவர் எழவில்லை. கழுத்துத் தண்டுவடக் காயம். 47 வயதாக ஐந்து நாள் இருந்தது. அந்தப் பிடியைப் போட்டவர் தப்பு எதுவும் செய்யவில்லை.

ஆக, போகாமல் இருப்பதென்றால் பாபாவைப் போல ஆட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நிறுவனமே உங்கள் உடம்பை நம்பி நிற்கிறது என்றால், போகாமல் இருப்பது நீங்கள் எடுத்த முடிவே இல்லை.

வேறு வேலைக்கு மாறுவது

ராக்கும் பட்டிஸ்டாவும் சினிமாவுக்குப் போனார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. பணத் தராசில் இதற்கு நிகர் இல்லை. அதற்கும் ஒரு விலை உண்டு. 2013 ரெஸில்மேனியாவில் ஜான் சீனாவோடு ஆடியபோது ராக்கின் வயிற்றுப் பகுதியிலும் தொடையிலும் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சைக்காக ஒரு படத்தின் படப்பிடிப்பே தள்ளிப்போனது. ஒரு இரவு மேட்சுக்காகப் பல கோடி டாலர் படம் காத்திருந்தால் தயாரிப்பாளர்கள் அடுத்த முறை விடுவார்களா? அதற்கப்புறம் அவர் ஆடிய தனி மேட்ச் ஒன்று, 2016-இல். ஆறே விநாடி.

ஆனால் எத்தனை பேர் ராக் ஆக முடியும்? எனக்கு அதைவிட நடைமுறையாகத் தெரிவது திரைக்குப் பின்னால் போகும் வேலை. டிரிபிள் ஹெச்சுக்கு 2021 செப்டம்பரில் இதயம் கைவிட்டது. 2022 மார்ச்சில் இனி ஆட மாட்டேன் என்றார், அடுத்த மாதம் ரெஸில்மேனியாவில் பூட்ஸை ரிங்கில் வைத்துவிட்டு நடந்தார். அந்த ஜூலையிலேயே யார் எப்போது ஜெயிப்பது என்று தீர்மானிக்கும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஷான் மைக்கேல்ஸ் இன்று ஓர்லாண்டோவில் இளைஞர்களை உருவாக்கும் பிரிவை நடத்துகிறார். ரியாத்துக்குப் பிறகு அவர் திரும்பவில்லை என்பதைக் கவனியுங்கள். காலையில் போக ஒரு இடம் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

இங்கே பணத்தைப் பற்றி ஒரு விஷயம். அமெரிக்காவின் பெரிய நிறுவனத்திலேயே வீரர்கள் ஊழியர்கள் அல்ல, ஒப்பந்தக்காரர்கள். ரிங்கில் பட்ட காயத்துக்கு நிறுவனம் செலவு செய்யும். ஓய்வூதியம் என்ற ஒன்று அவர்களுக்குக் கிடையாது. 'கடைசி மேட்ச்' அறிவித்தவர்கள் ஏன் திரும்புகிறார்கள் என்ற கேள்விக்குப் புகழ் ஆசை மட்டுமே பதில் இல்லை.

தேதி சொல்லிவிட்டுப் போவது

ஜப்பானில் இதற்கு ஒரு முறையே இருக்கிறது. பல மாதம் முன்பே நாளைச் சொல்லிவிடுவார்கள். ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு ஊரிலும் கடைசியாக ஆடுவார்கள். கடைசியில் ரிங்கின் நடுவே தனியாக நிற்க, மணி பத்து முறை ஒலிக்கும். ஜூஷின் லைகர் 2019 மார்ச்சில் அறிவித்து, 2020 ஜனவரியில் டோக்கியோ டோமில் முடித்தார். அவரைத் தோற்கடித்தது அவருடைய எடைப் பிரிவின் அடுத்த முகமான ஹிரோமு தகஹாஷி. கணக்கு சரியாகத் தீர்ந்தது.

கெய்ஜி முட்டோ 2023 பிப்ரவரி 21 அன்று முடித்தார். வயது 60, இரண்டு முழங்காலும் செயற்கை. நைட்டோவிடம் தோற்றார். அத்தோடு முடித்திருக்கலாம். மைக்கை வாங்கி, வர்ணனை மேசையில் உட்கார்ந்திருந்த மசாஹிரோ சோனோவை ரிங்குக்குக் கூப்பிட்டார். 1984-இல் இருவரும் அறிமுகமானது ஒருவரோடு ஒருவர் மோதித்தான். நடக்கவே சிரமப்பட்ட சோனோ வந்தார், ஒரு பிடி போட்டார், முட்டோ அவரிடமும் தோற்றார். ஒரே இரவில் இரண்டு தோல்வி! ஜெயித்துவிட்டுப் போயிருந்தால் யாருக்கு நினைவிருக்கும்?

போகிறவர் தோற்றுவிட்டுப் போக வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம். ஸ்டிங் அதை மீறினார். 2024 மார்ச் 3, கிரீன்ஸ்போரோ, 65 வயதுக்குச் சில நாள்தான் பாக்கி. டார்பி ஆலினோடு சேர்ந்து ஜெயித்து, டேக் (இருவர் அணி) சாம்பியனாகவே ஓய்வு பெற்றார். அந்த அரங்கில்தான் 1988-இல் ரிக் ஃபிளேரோடு 45 நிமிடம் சமனாக ஆடிப் பெரிய ஆளானார், அதனால் கூட்டம் எதையும் மன்னித்தது. நானும் ரசித்தேன். ஆனாலும் அந்த பெல்ட் கடைசியில் யாருக்கும் பயன்படாமல் போனது என்ற நெருடல் இருக்கிறது. அவர் பக்கம் சொல்ல ஒன்று உண்டு: ஏறக்குறைய மூன்று வருடம் டார்பியைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். கொடுக்க வேண்டியதை முன்பே கொடுத்துவிட்டார் என்றும் வாதிடலாம்.

ஜான் சீனா சட்டத்தை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார். 2024 ஜூலையில் டொராண்டோவில் அறிவிப்பு, 2025 முழுக்க விடைபெறும் பயணம், நடுவே 17-ஆவது பட்டம். டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில் குந்தர் கழுத்தைப் பிடித்து இறுக்க, 'ஒருபோதும் கைவிடாதே' என்று சட்டையில் அச்சடித்து விற்றவர் கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். கூட்டம் கோபத்தில் கத்தியது. எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது. குந்தர் இனி எங்கே போனாலும் அந்தக் கத்தல் அவரோடு போகும், ஒரு வில்லனுக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

சரி, அந்த 42 வயதுக்காரர்

மருத்துவர் வேண்டாம் என்றால் அதே இரவில் நிறுத்த வேண்டும், மற்ற நான்கையும் யோசிக்கவே கூடாது. மருத்துவர் இன்னும் இடம் கொடுக்கிறார் என்றால் தேதி சொல்லிவிட்டுப் போவதே என் தேர்வு, ஆனால் அதைத் தனியாக எடுக்கக் கூடாது. அறிவிப்புக்கு முன்பே அடுத்த வேலை கையில் இருக்க வேண்டும்: பயிற்சியாளரோ, மேட்ச் அமைப்பவரோ, வர்ணனையாளரோ எதுவானாலும் சரி. அடுத்த வேலை இல்லாமல் அறிவித்தால் அது ஃபிளேரின் 2008-தான். கடைசி மேட்சில் 30 வயதுக்குக் கீழே உள்ள ஒருவரிடம், சந்தேகத்துக்கு இடமில்லாமல் தோற்க வேண்டும். ஒரு மேட்சைக் கடைசி என்று விற்ற பிறகு ஐந்து வருடத்துக்கு ரிங் பக்கமே போகக் கூடாது. அதற்கப்புறம் ஆஸ்டினைப் போல ஒரு இரவு திரும்பினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இதெல்லாம் பெயர் உள்ளவர்களுக்கான கணக்கு என்பதும் தெரியும். 2020 ஏப்ரல் 15 அன்று அதே பெரிய நிறுவனம் ஒரே நாளில் ஏராளமானவர்களை வேலையை விட்டு அனுப்பியது. பத்து முறை ஒலிக்கும் மணியும் இல்லை, விடைபெறும் பயணமும் இல்லை. சின்ன ஹால்களில் ஆடுகிறவர்களுக்கு அந்த அறிவிப்புகூட வராது. வாரம் மூன்று அழைப்பு வந்தது ஒன்றாகும், அப்புறம் மாதம் ஒன்றாகும். அவர்கள் தேதியைத் தாங்களாகவே போட்டுக்கொள்ள வேண்டும். நிகழ்ச்சி நடத்துபவரிடம் ஆறு மாதம் முன்பே போய், "அந்தச் சனிக்கிழமை என் கடைசி மேட்ச், அந்தப் புதுப் பையனோடு போடுங்கள், அவன் ஜெயிக்கட்டும்" என்று கேட்டு வாங்க வேண்டும். இருநூறு பேர் வந்தாலும், இருபது பேர் வந்தாலும்.